யார் இந்த கார்ல் ஃபோர்ஸ்டர்? புல்லைத் தோட்டத்துக்குள் கூட்டிவந்த ஜெர்மானியர்!

அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் அலுவலக வாசலிலும் பூங்கா ஓரத்திலும் ஆளுயரத்துக்கு விறைப்பா நிற்கும் ஒரு புல்லை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். நுனியில் இறகு மாதிரி கதிர். அதன் பெயரே ஒரு மனிதரின் பெயர்தான்: கார்ல் ஃபோர்ஸ்டர்.

1874-ல் பெர்லினில் பிறந்தவர். அப்பா வில்ஹெல்ம், பெர்லின் வானியல் ஆய்வகத்தின் இயக்குநர். பையன் வானத்தை விட்டுவிட்டு மண்ணைப் பிடித்தார். 1903-ல் பெற்றோரின் இடத்தில் நாற்றங்கால் தொடங்கி, சில ஆண்டுகளில் போட்ஸ்டாம் அருகே உள்ள போர்னிமுக்கு மாற்றினார். விவசாய நிலமாக இருந்த அந்த இடம்தான் கடைசிவரை அவரது வீடு, தோட்டம், பிழைப்பு எல்லாமே.

அவர் தேடியது, பணக்காரரின் தோட்டக்காரன் இல்லாமலேயே பிழைக்கும் செடிகளை. ஒருமுறை நட்டால் ஆண்டுதோறும் தானே தழைக்கணும், குளிரைத் தாங்கணும். டெல்ஃபினியம், ஃப்ளாக்ஸ் என சுமார் 370 ரகங்களை உருவாக்கினார். புல் என்றால் வெட்டிச் சீராக்கும் புல்தரை என்றே பலரும் நினைத்த காலத்தில், உயரமான புற்களைப் பூச்செடிகளுக்கு நடுவே நட்டார். பூ உதிர்ந்த பிறகும் பனிக்காலம் முழுக்கத் தோட்டத்தில் பார்க்க ஏதாவது இருக்கணும் இல்லையா?

பிறகு ஹிட்லர் வந்தார். ஃபோர்ஸ்டரின் அண்ணன் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம், போரை எதிர்த்த சிந்தனையாளர். 1933-ல் அவரது நூல்கள் எரிக்கப்பட்டன, குடியுரிமையும் பறிபோனது. அப்படிப்பட்டவரின் தம்பி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனா ஆபத்து தெரிந்தே யூத நண்பர்களுக்குத் தன் நாற்றங்காலில் வேலை கொடுத்தார். சுத்தமான ஜெர்மன் செடிகளை மட்டுமே விற்கணும் என்ற நெருக்கடிக்கும் மசியவில்லை. மசிந்திருந்தால் வட அமெரிக்காவின் ஃப்ளாக்ஸையும் கிழக்காசியாவின் மிஸ்காந்தஸ் புல்லையும் வேரோடு பிடுங்கி எறிய வேண்டியிருக்கும்!

அந்தப் பிரபலமான புல் அவரது விற்பனைப் பட்டியலுக்கு வந்தது 1939-ல். ஓடும் ரயிலிலிருந்து அதைப் பார்த்து, சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. கேட்க ஜோரா இருக்கு, நம்பத்தான் முடியவில்லை. ஹாம்பர்க் தாவரவியல் பூங்காவில் கண்டெடுத்தார் என்பதே நம்பத் தகுந்த தகவல்.

இது இரண்டு காட்டுப் புல் இனங்கள் கலந்து பிறந்த கலப்பினம். விதை முளைக்காது. அதனால் களையாகப் பரவும் பயம் இல்லை. தூரைப் பிரித்து நட்டால்தான் உண்டு. அதாவது உலகம் முழுக்க இருப்பது ஒரே புல்லின் பிரதிகள்! மழையில் சாய்ந்தாலும் காய்ந்ததும் நிமிர்ந்துவிடும். குளிர்காலக் கடைசியில் அடியோடு வெட்டிவிட்டால் போதும், அவ்வளவுதான் பராமரிப்பு. 2001-ல் அமெரிக்காவில் ஆண்டின் சிறந்த பல்லாண்டுத் தாவரமாகத் தேர்வானது.

போருக்குப் பின் போர்னிம் கிழக்கு ஜெர்மனிக்குள் போனது. அவர் இடம் மாறவில்லை. 1957-ல், 83 வயதில், புற்களும் பெரணிகளும் தோட்டத்துக்குள் வந்தது பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அவரிடம் தொழில் கற்ற எர்ன்ஸ்ட் பேகல்ஸ், வட ஜெர்மனியின் குளிருக்கு முன்பே பூக்கும் மிஸ்காந்தஸ் ரகங்களை உருவாக்கினார். அவற்றை வாங்கிப் பயன்படுத்தியவர்களில் ஒருவர் பீட் அவுடால்ஃப். நியூயார்க்கின் பழைய உயர்மட்ட ரயில் பாதையில் ஹைலைன் பூங்காவுக்குச் செடிகளைத் தேர்ந்தெடுத்தாரே, அவரேதான்.

1970 நவம்பரில், 96 வயதில் ஃபோர்ஸ்டர் இறந்தார். பெர்லின் சுவர் விழுந்த பிறகு, 1990-ல் மகள் மரியான் பெல்ஜியத்திலிருந்து திரும்பி, 2010-ல் தான் இறக்கும்வரை அந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். போர்னிமில் அது இன்றும் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.