ப. சுப்பராயன்

பரமசிவ சுப்பராயன் (செப்டம்பர் 11, 1889 - அக்டோபர் 6, 1962) தமிழக அரசியல்வாதியும் வழக்கறிஞரும் ஆவார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக இருந்தார். இவர் உள்துறை அமைச்சராக இருந்தபோது சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது.

இளமை

அன்றைய சேலம் மாவட்டத்தில், திருச்செங்கோடு அருகிலுள்ள குமாரமங்கலம் ஜமீன்தார் குடும்பத்தைச் சேர்ந்தவர். இப்பகுதி 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின்னர் ஆக்சுபோர்டு, டப்ளின் பல்கலைக்கழகங்களிலும் பயின்றார். சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பணியாற்றினார்.

குற்றப்பரம்பரைச் சட்டம்

இந்திய தண்டனைச் சட்டம் (1860), 7 வயதுக்குட்பட்ட குழந்தையின் செயலைக் குற்றமாகக் கொள்ளவில்லை. 7 முதல் 12 வயது வரையுள்ளோர்க்கு, செயலின் விளைவை உணரும் பக்குவம் இல்லையெனில் விலக்களித்தது. சென்னை சிறுவர் சட்டம் (1920) இளம் குற்றவாளிகளைத் தனியே விசாரிக்க வழி செய்தது.

1911 இல் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் இதற்கு நேர்மாறானது. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த குழந்தை, எக்குற்றமும் செய்யாமலே குற்ற இனத்தைச் சேர்ந்ததாகக் கருதப்பட்டது. 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துச் சீர்திருத்தப் பள்ளிகளில் வைக்க அரசுக்கு அதிகாரம் இருந்தது. பதிவு செய்யப்பட்டவர்களின் கைரேகை எடுக்கப்பட்டதால் மக்கள் இதனை ரேகைச் சட்டம் என்றனர். இரண்டாம் முறை தண்டனை பெறுவோருக்கு, சிறப்புக் காரணம் இல்லாவிடில், 7 ஆண்டுகளுக்குக் குறையாத சிறை விதிக்கப்பட்டது. சேலம் பகுதியில் வாழ்ந்த சேலம் மேல்நாட்டுக் குறவர், சேலம் உப்புக் குறவர் ஆகியோரின் பெயர்கள் இன்றும் தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் உள்ளன.

சுப்பராயன் முதன்மை அமைச்சராக இருந்தபோது இரட்டை ஆட்சி முறை நடைமுறையில் இருந்தது. காவல், நீதி முதலிய துறைகள் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே இருந்தன. அமைச்சர்களுக்கு அவற்றில் அதிகாரம் இல்லை. 1947 இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் அமைச்சரவையில் உள்துறை இவரிடம் வந்தது. அவ்வாண்டே சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. இந்தியா முழுவதும் இது 1952 இல் நீங்கியது.

எனினும் 1948 இல் வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. இது பிறப்பை விடுத்து, தனிமனிதர் பெற்ற தண்டனைகளை அடிப்படையாகக் கொண்டது. சிறுவயதுச் செயல் வளர்ந்த பின்னும் ஒருவரைத் தொடரலாமா என்ற வினாவுக்கு இளைஞர் நீதிச் சட்டம் (2015) விடையளித்தது. 18 வயதுக்கு முன் செய்த குற்றத்துக்காக அவ்வயதைக் கடந்த பின் பிடிபடுபவரும், விசாரணையின்போது குழந்தையாகவே நடத்தப்படுவார் என அதன் 6 ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும் 16 வயது நிறைந்தோர் கொடிய குற்றம் செய்திருப்பின், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் பெரியவராக விசாரிக்க அதே சட்டம் இடமளிக்கிறது.

பிற்காலம்

சுப்பராயன் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும், இந்தோனேசியாவுக்கான இந்தியத் தூதராகவும், நடுவண் அமைச்சராகவும் பணியாற்றினார். 1962 இல் மகாராட்டிர ஆளுநரானார். அப்பதவியில் இருக்கும்போதே காலமானார். தரைப்படைத் தளபதி பி. பி. குமாரமங்கலம், மோகன் குமாரமங்கலம், பார்வதி கிருஷ்ணன் ஆகியோர் இவருடைய பிள்ளைகளாவர்.