மெல்போர்னில் மூன்று கோல் போட்ட நெவில் டிசோசா



நம் வளாகத்தில் மாலையில் பந்து ஆடும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பிடித்த கால்பந்து வீரர் யார் என்று கேட்டுப் பாருங்கள். மெஸ்ஸி, ரொனால்டோ, எம்பாப்பே என்று பதில் வரும். ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்ட முதல் ஆசிய வீரர் ஓர் இந்தியர் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். நம்மில் பெரியவர்களிலும் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. அவர் நெவில் ஸ்டீஃபன் டிசோசா.

1932 ஆகஸ்ட் 3 அன்று பிறந்தவர். குடும்பம் கோவாவின் அசகாவ் ஊரைச் சேர்ந்தது. ஆட்ட வாழ்க்கை முழுவதும் பம்பாயில். சகோதரர் டெரெக்கும் கால்பந்து வீரர்தான்.

அன்றைய இந்தியாவில் கால்பந்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. இன்று ஐ.எஸ்.எல். அணிகள் தருவது போன்ற ஒப்பந்தம் அப்போது கிடையாது. நல்ல வீரனுக்கு ஒரு கம்பெனி வேலை கொடுக்கும். அவன் அந்தக் கம்பெனி அணிக்கு ஆடுவான். டிசோசா பம்பாயில் முதலில் டாடா அணிக்கும், பிறகு கால்டெக்ஸ் எண்ணெய் நிறுவன அணிக்கும் ஆடினார். சென்னைக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, வருமான வரித்துறை அணிகள் சென்னை லீக்கில் ஆடியதும் இதே வழியில்தான். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குச் சேர்ந்தவர் ஒருவரையாவது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அவர் வாழ்க்கையில் நம் ஊருக்கும் ஓர் இடம் உண்டு. 1954-ல் மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபி இங்கே மெட்ராஸில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் சர்வீசஸ் அணியை 2-1 என்று தோற்கடித்து பம்பாய் முதல்முறையாகக் கோப்பையை வென்றது. வென்ற அணியில் டிசோசாவும் இருந்தார்.

அவர் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் ஹெல்சிங்கியில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றிருந்தது. அன்று நம் வீரர்கள் பலர் வெறுங்காலில் ஆடினார்கள். அந்த அவமானத்துக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமானது. பயிற்சியாளர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம் அணியைப் புதிதாகத் தயார் செய்தார். கேப்டன் சமர் பானர்ஜி. பி.கே.பானர்ஜியும், செகந்திராபாத்தில் வளர்ந்த துளசிதாஸ் பலராமும், கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜும் அந்த அணியில் இருந்தார்கள்.

ஹங்கேரி விலகிக்கொண்டதால் முதல் சுற்றில் இந்தியா ஆடாமலே முன்னேறியது. கால் இறுதியில் எதிரே நின்றது போட்டியை நடத்திய ஆஸ்திரேலியா. நாள் 1956 டிசம்பர் 1. டிசோசாவுக்கு வயது 24.

9-வது நிமிடம் டிசோசா கோல் போட்டார். 17-ல் ஆஸ்திரேலியா சமன் செய்தது. 33-ல் மறுபடியும் டிசோசா. 41-ல் மறுபடியும் சமன். இரண்டு முறை கையில் இருந்த வெற்றி நழுவினால் எந்த அணிக்கும் மனம் தளரும். ஆனால் இடைவேளை முடிந்து வந்து, 50-வது நிமிடம் மூன்றாவது கோலையும் டிசோசாவே போட்டார். 80-ல் கிட்டு என்கிற கிருஷ்ணசாமி இன்னொன்று சேர்த்தார். 4-2. ஒலிம்பிக் கால்பந்தில் அரை இறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு இந்தியா.

அரை இறுதியில் வந்தது அதே யூகோஸ்லாவியா. 52-வது நிமிடம் டிசோசா கோல் போட, இந்தியா முன்னிலை! ஆனால் அடுத்த பதிமூன்று நிமிடத்தில் மூன்று கோல் வாங்கி, கடைசியில் 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியா 3-0 என்று வென்றது. நமக்கு நான்காம் இடம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இன்றுவரை அதைத் தாண்டவில்லை. நான்கு கோல்களுடன் டிசோசா, யூகோஸ்லாவியாவின் வெசெலினோவிச், பல்கேரியாவின் மிலானோவ் ஆகியோருடன் சேர்ந்து அதிக கோல் போட்டவர்கள் வரிசையில் முதலிடத்தில் நின்றார்.

ஊர் திரும்பியவர் மறுபடியும் கம்பெனி அணிக்கே ஆடினார். 1958-ல் கால்டெக்ஸ் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1961-ல் அர்ஜுனா விருது தொடங்கியது. கால்பந்தில் முதலில் பி.கே.பானர்ஜிக்கும், அடுத்த ஆண்டு பலராமுக்கும் கிடைத்தது. தங்கராஜுக்கும் பின்னர் வந்தது. மெல்போர்னில் கோல் போட்ட டிசோசாவுக்கு அது கிடைக்கவே இல்லை. 1980 மார்ச் 16 அன்று, 47 வயதில் அவர் காலமானார்.

அவர் ஆட்டத்தை நாம் பார்த்ததில்லை. அன்று இங்கே டிவி கிடையாது. பேப்பரில் வந்த செய்திதான். ஆனால் அவர் வந்த வழி நமக்குப் புரியும்: ஆட ஓர் இடம், சேர்த்துக்கொள்ள ஒரு அணி, சோறு போட ஒரு வேலை. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு டிசோசா. பின்னிரண்டும் நம் கையில் இல்லை. முதலாவது கொஞ்சம் இருக்கிறது.

அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை காலி மனைகள் எல்லாம் கட்டடமாகி வருவதை நீங்களே பார்க்கிறீர்கள். பிள்ளைகளுக்கு மிஞ்சியிருப்பது பார்க்கிங் ஓரம்தான். பந்து காரில் பட்டால் கோபம் வருவது நியாயமே. தினம் மாலை ஒரு மணி நேரம், வண்டி நிறுத்தாத ஓர் இடம் ஒதுக்க முடியுமா என்று அடுத்த பொதுக்குழுவில் பேசலாமே. அதுவரை, இந்தப் பெயரையாவது பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.