வள்ளலார் மூட்டிய அடுப்பு

நமது ஜெபல் அலி கோயில் 2022ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் விஜயதசமியன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வள்ளலார் இராமலிங்க அடிகளாரின் 200ஆவது ஆண்டு தொடங்கிய நாளும் அதுவே. தைப்பூசத்துக்கு லீவு கேட்கும் கடலூர், பண்ருட்டி அன்பர்கள் வாயிலாக வடலூர் ஜோதியை நாம் அறிவோம். அங்குள்ள அடுப்பைப் பற்றி நம்மில் பலர் அவ்வளவாக அறிந்ததில்லை.

அடிகளார் 1823இல் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் ஐந்தாவது மகவாகத் திருஅவதாரம் செய்தார். சில மாதங்களிலேயே தந்தையார் காலமாக, குடும்பம் சென்னை ஏழுகிணறு பகுதிக்கு வந்து சேர்ந்தது. கந்தகோட்டமும் திருவொற்றியூருமே அவருக்குப் பள்ளிக்கூடங்கள். காவி உடுத்தவில்லை, உடல் முழுவதும் வெள்ளாடை போர்த்தியே வாழ்ந்தார். 1858இல் சென்னையை விட்டு நீங்கிக் கருங்குழியில் தங்கினார்.

பசி என்பதை அவர் மற்றத் துன்பங்களோடு சேர்த்து எண்ணவில்லை. பசி வந்தால் அறிவும் மானமும் பக்தியும் ஒருசேர மங்கிவிடும் என்று கண்டவர் அவர். சம்பளம் தள்ளிப்போன மாதங்களில் கேம்ப்பில் மெஸ்ஸுக்குப் பணம் கட்ட முடியாமல் நின்ற அன்பர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

1866ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தின் பல பகுதிகளில் பஞ்சம். அடுத்த ஆண்டு, 1867 மே 23ஆம் நாள், வடலூரில் சத்திய தருமசாலையைத் தொடங்கினார். அவ்வூர் மக்கள் 80 காணி நிலத்தை மனமுவந்து அளித்தனர். 21 அடி நீளமுள்ள அடுப்பில் அன்று அவர் மூட்டிய நெருப்பு இன்றுவரை அணையவில்லை. சாதி, சமயம், ஊர் எதுவும் கேளாமல் வந்தவர்க்கெல்லாம் சோறு. அந்நாளில் எத்தனை ஊர்களில் பந்திக்குப் பந்தி சாதி பார்த்தார்கள் என்பதை நினைத்தால் இது எவ்வளவு துணிச்சலான செயல் என்பது விளங்கும். (நம் கோயிலுக்குப் பக்கத்துக் குருத்வாராவில் லங்கர் உண்டவர்களுக்கு அந்தப் பந்தியின் அருமை தெரியும்.)

எதிர்ப்பு வராமல் இல்லை. அவருடைய பாடல்களை அருட்பா என்பது தகுமா என்று ஆறுமுக நாவலர் தரப்பு வாதிட்டது. 1869இல் வழக்கு மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இதற்கிடையிலும் சாலையில் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

நம்மைப் போன்ற கோயில் சங்கத்தார் கவனிக்க வேண்டியது ஒன்று. ஜோதி வழிபாட்டுக்குரிய சத்திய ஞானசபையில் முதல் பூசை 1872 ஜனவரி 25ஆம் நாள்தான் நடந்தது. சபைக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முன்பே சாலை எழுந்துவிட்டது. முதலில் சோறு, பிறகுதான் சன்னதி.

1874 ஜனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார். பின்னர் எவரும் அவரைக் காணவில்லை. இரண்டே ஆண்டுகளில் தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டத் தொடங்கியது.

ஊர் செல்லும் அன்பர்கள் சபையில் ஏழு திரை விலகக் கண்டபின், அப்படியே சாலைக்கும் சென்று பந்தியில் அமர்ந்து வாருங்கள். அரிசியாகவோ விறகாகவோ இயன்றதைக் கொடுக்கலாம்.