பெயர்த்தகட்டுக்குப் பின்னால் ஒரு மனிதர்

தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது பயிற்சிக்காக ஒரு தொழிற்சாலைக்குச் சென்றேன். அங்கே கன்வேயரை இயக்கும் 7.5 கிலோவாட் மோட்டார் ஒன்று பழுதாகிவிட்டது. அதன் பெயர்த்தகட்டைப் பார்த்து விவரங்களை எழுதி வரும்படி மேற்பார்வையாளர் என்னை அனுப்பினார். கிலோவாட், வோல்ட், சுழல் வேகம் மூன்றையும் குறித்துக் கொடுத்தேன். தகட்டின் ஓரத்தில் இருந்த ‘எஸ்1’ என்ற குறியை நான் பொருட்படுத்தவில்லை.

அதே திறனுள்ள வேறொரு மோட்டார் வந்தது. பொருத்திய மூன்றாம் நாள் கருகிய வாடை வீசியது. அந்த மோட்டாரின் தகட்டில் ‘எஸ்3, 40%’ என்று இருந்தது. பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம் ஓடிவிட்டு ஆறு நிமிடம் ஓய்வெடுக்க வேண்டிய மோட்டார் அது. பாரந்தூக்கிக்குப் பொருந்தும். நாங்களோ அதை நாள் முழுக்க ஓடவிட்டிருக்கிறோம். எஸ்1 என்றால் இடைவிடாமல் ஓடக்கூடியது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை. அதனால் குற்ற உணர்வு இன்னும் கூடியது. இந்தக் குறிகளை யார் ஏற்படுத்தினார்கள் என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில்தான் கர்னல் ரூக்ஸ் எவலின் பெல் கிராம்ப்டனைச் சந்தித்தேன்.

கிராம்ப்டன் 1845-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே கப்பலேறி கிரிமியப் போர்முனையைப் பார்த்து வந்தவர். பள்ளிப் பருவத்தில் விடுமுறை கிடைத்தால் பட்டறையில்தான் இருப்பார். சாலையில் ஓடும் நீராவி வண்டி ஒன்றைத் தம் கையாலேயே உருவாக்க முனைந்தார்.

1864-இல் ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே பாரம் ஏற்றிய வண்டிகளை மாடுகள் மெதுவாக இழுத்துச் செல்வதைக் கண்டார். தண்டவாளம் இல்லாத சாலையில் நீராவி இயந்திரத்தால் வண்டித்தொடரை இழுக்க முடியும் என்று மேலதிகாரிகளிடம் வாதாடி, அந்தப் பொறுப்பையும் பெற்றார். ரப்பர் சக்கரம் பூட்டிய நீராவி இயந்திரங்களை அவர் வட இந்தியச் சாலைகளில் ஓட்டிக் காட்டினார். ஒரு இயந்திரம் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கேள்வி அவருக்கு அப்போதே அன்றாட வேலையாகிவிட்டது.

1875-இல் ராணுவத்தை விட்டு விலகி, செம்ஸ்ஃபர்ட் நகரில் இருந்த ஒரு பொறியியல் நிறுவனத்தில் பங்குதாரரானார். உறவினரின் இரும்பு வார்ப்பாலைக்கு இரவு வேலைக்காக வெளிச்சம் தேவைப்பட்டது. அதற்குத் தீர்வு தேடியதே அவரை மின்சாரத்தின் பக்கம் இழுத்து வந்தது. 1878-இல் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி விளக்குகளையும் டைனமோக்களையும் செய்தார். 1880-களின் பிற்பாதியில் லண்டனின் கென்சிங்டன் பகுதியில் வீடுகளுக்கு மின்சாரம் வழங்கும் நிலையத்தையும் நிறுவினார்.

அந்த நிலையம் நேர்மின்னோட்டத்தில் இயங்கியது. அதுவே சிறந்தது என்று கிராம்ப்டன் உறுதியாக நம்பினார். இளைஞரான ஃபெராண்டியோ மாறுமின்னோட்டத்தை ஆதரித்தார். மாறுமின்னோட்டத்தின் மின்னழுத்தத்தை மின்மாற்றியால் உயர்த்தித் தொலைவுக்கு அனுப்பலாம், பிறகு குறைத்துக்கொள்ளலாம். நேர்மின்னோட்டத்துக்கு அந்த வசதி அன்று இல்லை. காலப்போக்கில் மாறுமின்னோட்டமே வென்றது. கிராம்ப்டன் தோற்ற அணியில் நின்றார்.

அவர் வாழ்க்கையில் என்னைக் கவர்ந்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். 1904-ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் அனைத்துலக மின் மாநாடு நடைபெற்றது. அப்போது கிராம்ப்டனுக்கு வயது 59. மின் இயந்திரங்களுக்கான செந்தரங்கள் பற்றி அங்கே கட்டுரை படித்தார். அந்த நாளில் ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு மின்னழுத்தத்தையும் அலைவெண்ணையும் வைத்திருந்தது. இரு நிறுவனங்கள் பத்துக் குதிரைத்திறன் மோட்டார் என்று விற்கின்றன என வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அரை மணி நேரம் சோதித்துவிட்டுச் சொல்கிறது. மற்றது நாள் முழுக்க ஓட்டிப் பார்த்துச் சொல்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

மின் இயந்திரங்களின் கலைச்சொற்களையும் திறன் மதிப்பீட்டையும் ஒழுங்குபடுத்த ஓர் அனைத்துலகக் குழு தேவை என்று அந்த மாநாடு தீர்மானித்தது. அதை நிறைவேற்றும் முயற்சியை கிராம்ப்டன் முன்னெடுத்தார். 1906 ஜூன் மாதம் பல நாட்டுப் பேராளர்கள் லண்டனில் கூடினார்கள். அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம், அதாவது ஐஇசி, பிறந்தது. அறிஞர் கெல்வின் முதல் தலைவரானார். கிராம்ப்டன் கௌரவச் செயலாளரானார். 1914-க்குள் ஆணையம் நான்கு தொழில்நுட்பக் குழுக்களை அமைத்திருந்தது. அவற்றுள் ஒன்றின் வேலையே மின் இயந்திரங்களின் திறன் மதிப்பீடுதான்.

தாம் தோற்ற துறையிலேயே, எல்லாருக்கும் பொதுவான அளவுகோலை உருவாக்க அவர் உழைத்தார். என் கட்சியா உன் கட்சியா என்று பார்க்கிறவரால் அது முடியாது.

1926-இல் அவருக்கு ஃபாரடே பதக்கம் கிடைத்தது. 1940 பிப்ரவரி 15-ஆம் தேதி, 94-ஆம் வயதில், பிறந்த யார்க்‌ஷயரிலேயே காலமானார்.

அவர் விதைத்தது இன்று ஐஇசி 60034 என்ற செந்தர வரிசையாக வளர்ந்து நிற்கிறது. நான் கவனிக்காமல் விட்ட எஸ்1 முதல் எஸ்10 வரையிலான பணிவகைகள் அதில்தான் உள்ளன. திறன் மதிப்பீடு என்பது தயாரிப்பாளர் தரும் வாக்குறுதி. பொதுவாக, சுற்றுப்புற வெப்பம் 40 பாகை செல்சியசுக்கும், இடத்தின் உயரம் 1,000 மீட்டருக்கும் மிகாதவரை அந்த வாக்குறுதி செல்லும். நம் ஊர் கொதிகலன் அறை 40 பாகையைத் தாண்டினால், தகட்டில் உள்ள கிலோவாட்டை முழுமையாக எதிர்பார்க்கக் கூடாது.

மற்றக் குறிகளும் அப்படித்தான். காப்பு வகுப்பு எஃப் என்றால் சுருளின் காப்புப்பொருள் 155 பாகை வரை தாங்கும். ஐபி55-இல் முதல் ஐந்து தூசியிலிருந்தும், இரண்டாம் ஐந்து பீய்ச்சும் நீரிலிருந்தும் கிடைக்கும் பாதுகாப்பைச் சொல்கின்றன. ஐஇ1, ஐஇ2, ஐஇ3, ஐஇ4 என்பவை செயல்திறன் வகுப்புகள். 50 ஹெர்ட்ஸில் இயங்கும் 7.5 கிலோவாட், நான்கு துருவ மோட்டாருக்கு ஐஇ1 என்றால் 86.0 விழுக்காடு, ஐஇ3 என்றால் 90.4 விழுக்காடு. முழுச் சுமையில் ஆண்டுக்கு 4,000 மணி நேரம் ஓடினால், இந்தச் சிறு வித்தியாசம் ஏறத்தாழ 1,700 யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்தும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது நான் பயிற்சி மாணவர்களை மோட்டார் விவரம் எழுதி வர அனுப்பும்போது, தகட்டில் உள்ள எல்லா வரிகளையும் எழுதச் சொல்கிறேன். புரியாத குறியைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன். அந்தக் குறிக்குப் பின்னால் பல நாட்டவர் ஒரே மேசையில் அமர்ந்து பேசி எடுத்த முடிவு இருக்கிறது. அந்த மேசையைப் போட்டவர்களுள் ஒருவர் கிராம்ப்டன். மூன்று நாளில் கருகிய ஒரு மோட்டார்தான் எனக்கு அவரை அறிமுகம் செய்தது. உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம்.