முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (சூலை 30, 1886 - சூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை நிறுவியவர்.

வாழ்க்கைக் குறிப்பு

புதுக்கோட்டையில் நாராயணசாமி, சந்திரம்மாள் இணையருக்குப் பிறந்தார். ஆண்கள் மட்டுமே பயின்றுவந்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்தார். 1907 ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். சென்னை மாகாண சட்ட மேலவை உறுப்பினராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார்.

புற்றுநோய் மருத்துவமனை

தங்கை புற்றுநோயால் இறந்தது இவரை ஆழமாகப் பாதித்தது. அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்க நெடுங்காலம் முயன்றார். 1952 இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 இல் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை தொடங்கியது. இவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் சாந்தாவும் அதனை வளர்த்தனர்.

தீநுண்மியும் புற்றுநோயும்

வைரஸ் எனப்படும் தீநுண்மியால் கோழிகளுக்குப் புற்றுநோய் வருவதை 1911 இல் அமெரிக்கரான பெய்ட்டன் ரவுசு காட்டினார். அப்போது முத்துலட்சுமி மருத்துவ மாணவி. ரவுசுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966 இல்தான். 1980களில் சென்னைப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்பட்டது கருப்பை வாய்ப் புற்றுநோய். அதனுடன் தொடர்புடைய மனித பாப்பிலோமா தீநுண்மி வகையை 1983 இல் செருமானியரான எரால்டு சூர் ஃகாசன் குழுவினர் கண்டறிந்தனர். 2006 முதல் இதற்குத் தடுப்பூசி உள்ளது. எல்லாப் புற்றுநோய்களுக்கும் தீநுண்மி காரணமன்று. புற்றுநோய் தொற்றுநோயும் அன்று. எனினும், முத்துலட்சுமி காலத்தில் சிகிச்சை மட்டுமே தேட முடிந்த ஒரு நோயை இன்று வருமுன் தடுக்க இயலும்.