நெய்யூருக்கு வந்த எவரெஸ்ட் வீரர்

மாலையில் அலுவலகம் விட்டுப் புசா ரோட்டில் நடந்து வருகிறவர் பான் கடையைக் காணாமல் வீடு சேர முடியாது. ஜர்தா போட்ட பீடா ஒன்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் நாளெல்லாம் பட்ட அலுப்புத் தீர்ந்தது போல இருக்கும். அதே சாலையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் பெரிய மருத்துவமனையும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள உறவை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்த ஊர், குமரி மாவட்டத்து நெய்யூர். அவ்வூர் மருத்துவமனையின் புகழுக்குக் காரணமானவர் டாக்டர் சாமர்வெல்.

தியோடர் ஹோவர்டு சாமர்வெல் 1890-ல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில் பிறந்தார். குடும்பம் காலணித் தொழிலில் செழித்திருந்தது. அவரோ மருத்துவம் படித்தார். முதல் உலகப் போரில், சோம் போர்க்களத்தில் காயமுற்று வந்து குவிந்த வீரர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார்.

மலையேற்றத்தில் தீராத ஆசை கொண்ட அவர் 1922-ல் எவரெஸ்ட் குழுவில் சேர்ந்தார். பனிச்சரிவில் சுமை தூக்கி வந்த 7 பேர் மாண்டனர். ஆங்கிலேயர் ஒருவரும் சாகவில்லை. அந்த நினைவு அவர் மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது.

இந்தியாவைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர், அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். வாசல் நிறைய நோயாளிகள். கத்தி பிடிக்கக் கைகள் போதவில்லை. லண்டனில் காத்திருந்த நல்ல பதவியைத் துறந்து நெய்யூரிலேயே பணியேற்றார்.

1924-ல் மீண்டும் எவரெஸ்ட் அழைத்தது. ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறினார். இறங்கும்போது, கடுங்குளிரால் புண்பட்டிருந்த தொண்டையின் உட்தோல் கழன்று மூச்சை அடைத்தது. முன்னே சென்ற தோழரைக் கூப்பிடக் குரல் எழவில்லை. பனியில் உட்கார்ந்து சாவை எதிர்பார்த்தவர், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்தினார். அடைப்பு இரத்தத்தோடு வெளியே வந்தது, உயிர் மீண்டது.

தொண்டை அடைத்துச் சாவின் வாசல் வரை போனவர், நெய்யூர் திரும்பியதும் வாயும் தாடையும் புற்றால் அரிக்கப்பட்ட ஏழைகளைக் கண்டார். உண்ண முடியாமல், வாய் திறக்க முடியாமல், கடைசிக் கட்டத்தில் வந்தவர்கள் பலர். கத்தியோடு ரேடியமும் அங்கே சிகிச்சைக்கு வந்தது. உடன் பணியாற்றிய டாக்டர் ஆர், அந்த நோயாளிகளை ஆராய்ந்து 1933-ல் லண்டன் மருத்துவ இதழான லான்செட்டில் கட்டுரை எழுதினார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு புகையிலையும் சேர்த்து மெல்லும் பழக்கத்துக்கும் வாய்ப் புற்றுக்கும் உள்ள தொடர்பை உலக மருத்துவர்கள் கவனத்துக்குக் கொண்டுவந்த தொடக்ககால ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்த்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என 1985-ல் முடிவு செய்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே கெடுதல் என 2004-ல் வெளியிட்டது. நெய்யூர் எழுப்பிய எச்சரிக்கைக்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன.

சாமர்வெல் 1949 முதல் வேலூர் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு அறுவை சிகிச்சை கற்பித்தார். 1961-ல் தாய்நாடு திரும்பினார். 1975 ஜனவரி 23 அன்று மறைந்தார். காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எவரெஸ்டின் உச்சியை அவர் தொடவில்லை. ஆனால் நெய்யூர் வாசலில் காத்திருந்தவர்களை அவர் கைவிடவும் இல்லை. அன்று அங்கே வந்தவர்களில் பலர் காலம் கடந்து வந்தவர்கள். வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வெள்ளைத் திட்டோ கண்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொடக்கத்தில் கண்டால் இந்நோய் குணமாகக்கூடியது. பீடாவுக்காகக் கடையில் நிற்கும் கால்கள், அதற்காக மருத்துவமனை வரை நடக்கவும் தயங்கலாகாது.