சர் இராபர்ட் மக்காரிசன்

கேழ்வரகுக் களியுண்டு வளர்ந்தவர் யாம். ஓசூரை அடுத்துள்ள எம் ஊராகிய கெலவரப்பள்ளியிற் கன்னடமும் தமிழும் ஒரே திண்ணையில் வழங்கும். இவ்விரு நாட்டார் உணவையும் எலிகளுக்கு இட்டு நிறுத்துப் பார்த்த அறிஞர் ஒருவர் நீலகிரியில் இருந்தாரென அறிந்தபோது, அவர் வரலாற்றைத் தேடிப் படிக்கலாயினோம்.

அயர்லாந்தில் 1878-ஆம் ஆண்டு பிறந்த மக்காரிசன், பெல்பாஸ்டில் மருத்துவம் பயின்று, 1901-இல் இந்திய மருத்துவப் பணியிற் சேர்ந்தார். கில்கித்து மலைநாட்டிற் கழுத்துக்கழலை நோய் மலிந்திருந்தது. அதன் காரணத்தை நாடிய அவர், அவ்விடத்து நீரின் வண்டலைத் தாமே உட்கொண்டு சோதித்தார். பின்னர்த் தம் உடலை விட்டு விலங்குகளை நாடியது நன்றே.

1918-இற் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தில் உணவுக்குறை நோய்களின் ஆராய்ச்சியை ஓர் அறையிலே தொடங்கினார். 1923-இல் அரசாங்கத்தார் சிக்கனங்கருதி அதனை நிறுத்தினர். ஈராண்டு கழிந்தே மீண்டும் நடைபெறலாயிற்று. அங்கேதான் இந்திய மக்கள் பலரின் உணவையும் எலிக்கூண்டுகளில் வகைவகையாக இட்டார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பசுங்காய் ஆகிய சீக்கியர் உணவை உண்ட எலி சராசரி 235 கிராம் நின்றது. கன்னடர் உணவை உண்டது 185. அரிசியே மிக்க சென்னையார் உணவை உண்டதோ 155. எம் ஊர் எந்தக் கூண்டைச் சேரும் என்பதை யாம் இன்னும் துணிந்திலேம்! உடல்வலி பெரிதும் உணவினால் அமைவதேயன்றிக் குலத்தினால் அன்று என்பது அவர் கண்ட முடிபு. ஆயினும் எலிக்குப் பால் வாங்கக் காசு வேண்டுவதில்லை, ஏழைக்கு வேண்டும்.

அவர் முழு உணவையே ஆராய்ந்தார். வேறு நாட்டறிஞர் அதிலுள்ள உலோகங்களைத் தனித்தனியே பிரித்து எலிகளுக்கு ஊட்டினர். துத்தநாகம் இன்றேல் எலி வளராது. அதுவே அளவிறந்து மிகுந்தால் எலிக்குச் சோகை உண்டாகிறது. செம்பு ஊட்ட, அது தணிகிறது. காரணம் யாதெனில், மிகுந்த துத்தநாகத்தாற் குடற்சுவரில் ஒருவகைப் புரதம் பெருகிச் செம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். அச்செம்பு குருதியிற் கலவாமல், உதிரும் குடலணுக்களோடு கழிந்துவிடும். உணவிற் செம்பு குறையாதிருந்தும் உடலிற் குறைகிறது. ஒன்றைமட்டும் மிகுத்துண்பாரை எண்ணி அஞ்சுகிறோம்.

1933-இற் சர் பட்டம் பெற்ற மக்காரிசன், 1935-இற் பணியினின்று நீங்கித் தாயகம் திரும்பினார். குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. ஈராண்டின் பின் ஆக்ஸ்போர்டில் அவர் காலமானார்.